நான் சிபாரிசு செய்த சூரிய மூடி

1

இன்று காலை என் கைப்பேசி ஒரு நினைவூட்டலைக் காட்டியது. ‘ஒரு வருடத்துக்கு முன் இதே நாளில்’ என்று தலைப்பு. கீழே என் படம். கம்பளிக் குல்லாவும் தடித்த மேலங்கியுமாகப் பனியில் நின்று சிரிக்கிறேன். பக்கத்தில் என் தொலைநோக்கி. அதன் வாயில் வெள்ளித்தாள் ஒட்டிய ஒரு வட்ட மூடி. படத்துக்குக் கீழே நான் எழுதிய பத்து வரி. ‘மீண்டும் பகிர விரும்புகிறீர்களா?’ என்று கேட்டது.

அந்தப் பதிவை நான் போன ஏப்ரலிலேயே அழித்துவிட்டேன். ஆனால் அதற்குள் யார் யாரோ அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டு, மரியாதைக்காக என் பெயரையும் சேர்த்திருந்தார்கள். நான் அழித்தது என் பிரதியை மட்டும்தான்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு என்னைச் சொல்லிவிடுகிறேன். பெயர் செல்வி. கம்பைநல்லூர்க்காரி. கல்யாணமாகி, நார்வே நாட்டின் வடக்கே கடலோரச் சிற்றூர் ஒன்றுக்கு வந்து பதினான்கு வருடம். ஒரு பல் மருத்துவமனையில் கருவிகளைக் கழுவி, நீராவியில் வைத்துக் கிருமி நீக்கி, பொட்டலம் கட்டும் வேலை. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு சிறு பட்டை இருக்கும். சூடு தேவையான அளவு ஏறினால்தான் அது கறுக்கும். கறுக்காத பொட்டலத்தை நான் இன்றுவரை வெளியே விட்டதில்லை. அப்படி வேலை பார்க்கும் ஒருத்திதான் அந்த மூடியைப் பற்றி அப்படி எழுதினாள் என்று நினைத்தால் எனக்கே என்மேல் ஆத்திரமாக வருகிறது.

அந்த மூடியால் என் தம்பி குமரேசனுக்கு வலது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. பத்து மாதமாகிறது. வரவேண்டிய பார்வை வந்தாயிற்று, இதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள் என்று சேலத்துக் கண் மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

2

இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே எழவில்லை. பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேண்டாமென்று வெளியே வைத்த ஒரு பழைய தொலைநோக்கியை எடுத்து வந்தேன். நிலாவைப் பார்த்தேன், சனியின் வளையத்தைப் பார்த்தேன், அப்படியே ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் ‘மாடி வானம்’ என்ற கைப்பேசிக் குழு கிடைத்தது. பெரும்பாலும் தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து ஆட்கள். வாத்தியார்கள், மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற ஒருவர், அரூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். எல்லாருக்கும் வானம் பிடிக்கும். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: எதை வாங்கலாம்? கடையில் என்றால் கையில் எடுத்துப் பார்க்கலாம், நகத்தால் சுரண்டலாம், சரியில்லை என்றால் போய்ச் சண்டை போடலாம். எங்கள் பொருட்களுக்கு ஊரில் கடையே கிடையாது. முகம் தெரியாத ஒருவர் ‘நன்றாக இருக்கிறது’ என்று சொன்னால் அதுதான் கடை, அதுதான் உத்தரவாதம்.

குழுவை நடத்திய மூவரில் நானும் ஒருத்தி. விதிகளை எழுதியதே நான்தான். ஆறு மாதமாவது பயன்படுத்தாமல் எந்தப் பொருளையும் சிபாரிசு செய்யக்கூடாது. அதேபோல், பாதிக்கப்பட்டவரே ஆதாரத்தோடு வந்து சொல்லாமல் எந்தப் பொருளையும் குறை சொல்லிப் பதிவு போடக்கூடாது. ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியின் பொருளைக் கெடுப்பதற்கு ஆள் வைத்து எழுதிய காலம் ஒன்று இருந்தது. அதைத் தடுக்க இரண்டாவது விதி. எழுதி முடித்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இங்கே நான் கடையில் எதையாவது கேட்டால், கல்லாவில் இருக்கும் பெண் புருவத்தைச் சுருக்கி இன்னொரு தடவை சொல்லச் சொல்லுவாள். வரி அலுவலகத்துக்குப் போனால் பக்கத்தில் மகள் வேண்டும். குழுவில் நான் ‘செல்வி அக்கா’. ‘வெளிநாட்டுல இருக்கறவங்க, பாத்துதான் சொல்லுவாங்க’ என்பார்கள். அந்த மரியாதை எனக்கு வேண்டியிருந்தது. தினமும் வேண்டியிருந்தது.

மூடி எனக்கு வந்தது போன வருடம் ஜனவரியில். தொலைநோக்கியின் முன்வாயில் மாட்டினால் சூரிய ஒளியை முக்கால்வாசிக்கும் மேல், அநேகமாக முழுவதையும் தடுத்துவிடும். அதன்பிறகு சூரியனைத் தைரியமாகப் பார்க்கலாம், அதன் கரும்புள்ளிகளை எண்ணலாம். புதிதாக விற்க வந்த ஒருவர், ‘பார்த்து உண்மையைச் சொல்லுங்கள்’ என்று இலவசமாக அனுப்பியிருந்தார். இலவசம் என்று நான் எழுதவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

மூன்றே வாரம் பார்த்தேன். பிப்ரவரியில் இங்கே உச்சிப்பொழுதிலும் சூரியன் மலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில்தான் நிற்கும். குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே எட்டு டிகிரி. மூடி கச்சிதமாக உட்கார்ந்தது. கரும்புள்ளிகள் மூன்று தெளிவாகத் தெரிந்தன. ‘இதைவிட மூன்று மடங்கு விலையுள்ள மூடியும் இப்படிக் காட்டாது. இதை நம்பி என் கண்ணையே கொடுத்துப் பார்த்தேன். நீங்களும் தயங்காமல் வாங்கலாம்’ என்று எழுதினேன். மாலைக்குள் நூறு பேருக்கு மேல் கைதட்டியிருந்தார்கள். ஆறு மாதம் ஆயிற்றா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. விதியை எழுதியவளிடம் யார் கேட்பார்கள்?

3

குமரேசன் பென்னாகரம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். என்னைவிட ஆறு வயது சின்னவன். நான் எழுதிய அன்றே அதே மூடிக்குப் பணம் கட்டிவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எழுதியாயிற்றே, இன்னும் என்ன கேட்பது என்று நினைத்திருப்பான்.

ஏப்ரல் மாதம் ஒரு நாள் அழைத்தான். எடுத்ததும், “அக்கா, உன்ற மூடி எப்படி இருக்குது?” என்றான்.

“நல்லாத்தான் இருக்குது. ஏன்டா?”

“ஓரத்துல தாள் கிளம்பியிருக்குதான்னு பாரு. பாத்துட்டு வா, நான் லைன்லயே இருக்கறேன்.”

போய்ப் பார்த்தேன். ஒன்றும் கிளம்பவில்லை. சொன்னேன். “அப்படின்னா சரி. ஆனா இனிமே அதுல பாக்காதக்கா” என்றான். அதற்குப் பிறகுதான் நடந்ததைச் சொன்னான். நடந்து அப்போதே நாலு நாள் ஆகியிருந்தது. முதலில் என் கண்ணைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் தன் கண்ணுக்கு வந்தான்.

பள்ளி மைதானத்தில் மதியம் தொலைநோக்கியை நிறுத்தி, மூடியை மாட்டி, மணி அடிப்பதற்காக ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறான். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். சூரியனை நடுவில் கொண்டுவர முதலில் அவன் குனிந்தான். அந்த நொடியில் வெள்ளித்தாள் ஒரு பக்கம் வழுக்கி இறங்கியது. பளீரென்று வெட்டியது போல ஒரு வெளிச்சம். தலையை இழுத்துக்கொண்டான். வலியே இல்லையாம். சாயங்காலம் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தபோது, எந்த எழுத்தைப் பார்க்கிறானோ அந்த எழுத்து மட்டும் இல்லை. சுற்றி இருப்பதெல்லாம் தெரிகிறது.

“பசங்க ஒருத்தரும் பாக்கலக்கா. அதுவரைக்கும் பொழச்சோம்” என்றான். நான் மூக்கை உறிஞ்சியது அவனுக்குக் கேட்டுவிட்டது. “அழுவறியா? அழுவாத. ஒத்தக் கண்ணுல மார்க் போட்டா பசங்களுக்கு ரெண்டு மார்க் சேத்து வுழும், அவ்ளோதான்.”

அழைப்பு முடிந்ததும் என் மூடியை எடுத்து, சமையலறையில் அறைச் சூடேற்றியின் மேல் வைத்தேன். அரை மணி கழித்துக் கட்டைவிரலால் தள்ளினேன். தாள் வெண்ணெயில் வைத்த காகிதம் மாதிரி நகர்ந்தது. பசை இளகியிருந்தது. குளிரில் கல்லாக நின்ற பசை.

சித்திரை வெயிலில் நிறுத்திவைத்த சைக்கிள் இருக்கையில் தண்ணீர் தெளிக்காமல் உட்கார முடியாத ஊரில் பிறந்தவள் நான். எழுதும்போது அந்த வெயில் ஒரு தடவைகூட என் நினைவுக்கு வரவில்லை. என் ஊர்க்காரர்கள் வாங்குவதற்கென்று எழுதினேன், இந்த ஊர்ச் சூரியனில் பார்த்து எழுதினேன். வேறு யாராவது செய்திருந்தால் அறியாமை என்று விடலாம். நான் செய்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

4

அன்றே பதிவை அழித்தேன். ‘இந்த மூடியை யாரும் பயன்படுத்தாதீர்கள், வெயிலில் பசை இளகுகிறது, ஒருவருக்குக் கண் போயிருக்கிறது’ என்று புதிதாக எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில்கள். ‘எனக்கு நல்லாத்தான் இருக்குதுங்களே.’ ‘நான் தினமும் காலைல பாக்கறேன், ஒண்ணும் ஆகல.’ ‘அக்காவோட அக்கவுண்ட்டை யாரோ புடிச்சிட்டாங்க போல.’ ஒருவர், இன்னொரு நிறுவனம் எனக்கு என்ன கொடுத்தது என்று நேராகவே கேட்டார். புகழ்ந்தபோது யாரும் கேட்காத கேள்வி.

ஒரு மணி நேரத்தில் பதிவு நீக்கப்பட்டது. நீக்கியவர் நாகராஜ் அண்ணன், குழுவை என்னோடு நடத்தும் ஓய்வு பெற்ற மின்வாரியக்காரர். கிருஷ்ணகிரியில் இருக்கிறார். அழைத்தேன்.

“நீங்க சொன்னா நான் நம்பறேங்க” என்றார். “ஆனா பாதிக்கப்பட்டவரே வந்து சொல்லணும்னு விதி இருக்குதுங்களே. எழுதினதே நீங்கதானுங்க. உங்களுக்கு ஒரு நியாயம், மத்தவங்களுக்கு ஒரு நியாயம்னு ஆயிடக்கூடாதில்லைங்களா?”

பாதிக்கப்பட்டவன் சொல்லமாட்டேன் என்றான். தலைமையாசிரியருக்குத் தெரிந்தால் வானம் பார்க்கிறதையே நிறுத்திவிடுவார், பிள்ளைகளின் பெற்றோர் பதறுவார்கள், கண் தெரியாத வாத்தியார் என்று பேராகிவிடும். “என் பேரை மட்டும் இழுக்காதக்கா, உன்னக் கும்புட்டுக் கேக்கறேன்” என்றான். அவன் கண்ணைக் கெடுத்தவள் அவன் பேரையும் எப்படி இழுப்பேன்?

விற்பனைத் தளத்துக்கு எழுதினேன். என் படமும் என் வரிகளும் அங்கேயும் இருந்தன. வாங்கிய ரசீதின் எண் கேட்டார்கள். நான் வாங்கவே இல்லை. இங்கேயுள்ள நுகர்வோர் அலுவலகத்துக்குப் போனேன். பதற்றத்தில் மொழி கைவிட்டது. சேதத்துக்கு நானே காரணம் என்று சொல்லிவிட்டேன் போலும், அந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பொருளைத் தயாரித்தவர் நீங்களா என்று கேட்டார். இல்லை, பாராட்டியவள் என்று சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. பாதிக்கப்பட்டவர் இந்த நாட்டில் வசிக்கவில்லை என்றால் இந்தப் படிவம் பொருந்தாது என்றார். பொருந்தும் படிவம் எது என்று அவருக்கும் தெரியவில்லை.

என் மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. நான் தமிழில் கேட்டால் அவள் நார்வே மொழியில் பதில் சொல்லுவாள். தளத்துக்கு இரண்டாம் முறை கடிதம் எழுத அவளைத்தான் உட்கார வைத்தேன். எழுதி முடித்துவிட்டு, முன்பின் தெரியாத ஒருவர் இணையத்தில் சொன்னதை மாமா ஏன் நம்பினார் என்று கேட்டாள்.

“முன்பின் தெரியாதவங்க இல்லடி. சொன்னது நான்தான்.”

“அப்ப உன்னை நம்பினதுதான் தப்பா?” என்று இந்தத் தடவை தமிழில் கேட்டாள். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத ஆரம்பித்தேன். மூடி வாங்கியதாகப் பதிவின் கீழ் சொன்ன எல்லாருக்கும். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் என்னைத் தடை செய்தார்கள். பலர் பார்க்கவே இல்லை, பழக்கமில்லாதவர் அனுப்பும் செய்திகள் போய் விழும் மூலையில் என் செய்திகள் கிடந்தன. வேலை இடைவேளையில் எழுதினேன், பேருந்தில் எழுதினேன். எங்கோ ஒருவர் மதிய வெயிலில் குனிந்துகொண்டிருப்பார் என்ற நினைப்பிலேயே சோறு இறங்காமல் போயிற்று.

5

மே மாதம் ஒரு ஞாயிறு. காலை ஐந்து மணிக்கே இங்கே நல்ல வெயில். ஊரில் எட்டரை. கைப்பேசியைத் திறந்தால் குழுவில் மாதையனின் பதிவு. அரூர் ஜெராக்ஸ் கடைக்காரர் அவர்தான். ‘இன்று தீர்த்தமலை அடிவாரத்தில், உச்சிப்பொழுதில், பக்தர்களுக்குச் சூரியனைக் காட்டுகிறோம். செல்வி அக்கா சிபாரிசு செய்த மூடி. பயமின்றி வாரீர்.’ படத்தில் ஒரு மேசை, தொலைநோக்கி, அதன் வாயில் அந்த மூடி.

கீழே ‘வேண்டாம்’ என்று எழுதினேன். ஏப்ரல் சண்டைக்குப் பிறகு குழு நடத்தும் பொறுப்பிலிருந்து என்னை விலக்கி, மூடி பற்றிய என் எழுத்தெல்லாம் ஒப்புதலுக்குக் காத்திருக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். என் எச்சரிக்கையும் காத்திருந்தது. நாகராஜ் அண்ணனை அழைத்துச் சொன்னேன். அவர் குரல் மாறிவிட்டது. பதிவை எடுத்துவிட்டார், மாதையனின் எண்ணைத் தேடிக் கொடுத்தார். அழைத்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. பன்னிரண்டு தடவை அதையே சொன்னது.

தம்பியை அழைத்தேன். விவரத்தைச் சொன்னேன்.

“எத்தன மணிக்காம்?”

“பன்னண்டு.”

“கண்ணு நல்லா இருந்திருந்தா வண்டிய எடுத்திருப்பேன். இப்ப பஸ்தான். தர்மபுரி போயி, அரூர் போயி, அங்க மாறோணும்.” செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. “வெக்கறேன்க்கா.”

மூன்று மணி நேரம் சமையல் மேசையில் உட்கார்ந்திருந்தேன். தர்மபுரியில் ஏறிவிட்டதாக ஒரு செய்தி வந்தது. அரூரில் பேருந்துக்கு நிற்பதாக ஒன்று. பிறகு ஒன்றுமில்லை. யாழினி எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் மாதையனின் எண்ணைத் தன் கைப்பேசியில் அடித்துக்கொண்டே இருந்தாள். ஊரில் பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டு பத்து. கும்பிட எனக்கு எந்தச் சாமியின் பெயரும் வாயில் வரவில்லை. ஒரு குழந்தையின் கண் போனால் நான் எதற்காக உயிரோடு இருக்க வேண்டும் என்று தோன்றியது. மிகைப்படுத்தி எழுதவில்லை, அப்படியே தோன்றியது.

பன்னிரண்டே முக்காலுக்கு அவன் அழைத்தான்.

“ஒருத்தரும் பாக்கலக்கா.”

மூச்சு விட்டேன். யாழினி என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

பஞ்சாயத்துத் தலைவர் வந்து தொடங்கி வைக்க வேண்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். தலைவர்கள் வழக்கம்போல அவரும் தாமதம். ஐம்பது பேர் வரிசையில், பாதி குழந்தைகள். இவன் இறங்கி ஓடுகிறான், அவருக்குச் சால்வை போர்த்தியாயிற்று, அவர் குனிகிறார். இவன் போய்த் தொலைநோக்கியின் வாயை உள்ளங்கையால் பொத்திவிட்டான்.

“மாதையன் என்னை அடிக்கவே வந்துட்டாரு. யாருய்யா நீன்னாரு. செல்வியோட தம்பிங்கன்னேன். அக்கா சொன்ன மூடிங்க இதுன்னாரு. அக்கா சொன்னதுதான், பாருங்கன்னு கட்டைவெரல வெச்சுத் தள்ளுனேன். ரெண்டு மணி நேரமா வெயில்ல இருந்திருக்குது. தாளு வழுக்கிட்டு வந்துருச்சு. தலைவரு அப்படியே பின்னால போயி உக்காந்துட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“எல்லாத்தயும் சொன்னேன். நான் வாத்தியாருங்க, எனக்குப் போயிருச்சுங்கன்னு சொன்னேன். கூட்டத்துல எங்க ஏழாங்கிளாசுப் பையனோட அப்பா ஒருத்தரு நின்னாரு. பள்ளிக்கூடம் தொறந்தா ஹெட்மாஸ்டருக்குத் தெரிஞ்சுரும். தெரியட்டும் வுடு.”

தெரிந்தது. அவன் பயந்தது அப்படியே நடந்தது. தொலைநோக்கி இப்போது ஆய்வகத்து அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. ஆனால் அன்று மாலையே அவன் தன் பெயரில், கண் மருத்துவர் எடுத்த படத்தோடு குழுவில் எழுதினான். அதை எல்லாரும் நம்பினார்கள். மூடிகளைக் கத்தரித்துப் படம் போட்டார்கள். மன்னிப்பும் கேட்டார்கள். என்னிடம் கேட்க என்ன இருக்கிறது?

ஞாயிறு மதியம் வந்த அந்த அழைப்பை அவன் உடனே முடிக்கவில்லை. பேருந்து நிலையத்தில் டீக் குடித்துக்கொண்டிருந்தான். பின்னால் யாரோ பேசும் சத்தம்.

“அக்கா, மாதையன் இங்கதான் நிக்கறாரு. ஒண்ணு கேக்கச் சொல்றாரு. அப்ப எந்த மூடிங்க வாங்கலாம், அக்காகிட்டயே கேட்டுச் சொல்லுங்கன்னு.”

அவன் டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“நானும் அதத்தான்க்கா கேக்கலாம்னு இருந்தேன். பசங்களுக்குக் காட்டறேன்னு சொல்லிட்டேன். நீ நல்லதா ஒண்ணு பாத்துச் சொல்லு.”

பிறகு பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். ஒன்பது மாதம் ஆகிவிட்டது. இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் வேறு யாரையும் கேட்கவும் இல்லை.